ஜான்சி வீட்டுக் கரண்டு

மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஜான்சிக்குத் தெரிந்துவிடும். சோறு வடித்துக்கொண்டிருந்தாலும் சரி, துணி அலசிக்கொண்டிருந்தாலும் சரி, காது மட்டும் கூடத்திலேயே இருக்கும். விசிறி தடதடவென்று சுற்றினால் மூச்சு சீராக வரும். சத்தம் இறங்கி, இறக்கைகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தளர்ந்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மகனிடம் ஓடுவாள்.

அவர்கள் குடியிருந்தது சிதம்பரத்தில், அண்ணாமலை நகருக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். சிற்சபேசன் என்பவர் ஓய்வு பெற்ற கையோடு அங்கே நான்கு வீடுகளைச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியிருந்தார். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, பின்னால் குளியலறை என்று நான்கும் ஒரே அச்சு. முதல் வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மற்ற மூன்றும் வாடகைக்கு. மீட்டர்கள் நான்கையும் தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வரிசையாக மாட்டி வைத்திருந்தார். எல்லோருக்கும் சேர்த்து அவரே போய்க் கரண்டுப் பணம் கட்டிவிட்டு வருவது வழக்கம். அதனால் எந்த வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

ஜான்சியின் வீடு மூன்றாவது. மற்ற மூன்று வீட்டு மீட்டரையும் கூட்டினாலும் அவள் வீட்டு மீட்டரைத் தொட முடியாது.

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டி, ஒரு கொழந்த. அப்படி என்னதாம்மா ஓடுது உங்க வீட்டுல?" என்று சிற்சபேசன் கேட்பார்.

"பழைய ஃபிரிட்ஜிங்க சார். அது இழுக்குது" என்பாள் ஜான்சி.

"ஃபிரிட்ஜு எங்க வீட்லயும்தான் இருக்கு."

உள்ளே அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஜான்சிக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். அப்பா சின்னையன் செங்கல் சூளையில் வேலை பார்த்து மகளை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தவர். இரண்டாயிரத்து நான்கில் அவளைச் செம்பியனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டினான். சத்தம் போட்டுப் பேசாத ஆள். அடுத்த வருஷக் கடைசியில், மழைக்காலத்தில், எழிலன் பிறந்தான். தலையில் பூனைமயிர் மாதிரி கொஞ்சம் முடி. தோல் மட்டும் வெங்காயச் சருகு போல உரிந்துகொண்டே இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்றார்கள்.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. தொட்டால் கை சுடுகிற காய்ச்சல். மருந்து கொடுத்தார்கள், இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், குளுகுளு அறையில் போட்ட கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் கொதித்தது. ரத்தம் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. ஒருமுறை பிள்ளைக்கு வலிப்பே வந்துவிட்டது. அந்தக் கோடை முழுக்க ஜான்சி பிள்ளையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த கோடைக்குள் அவளே ஒன்றைக் கவனித்திருந்தாள். வெயிலில் வந்தால் செம்பியன் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு மூக்கு நுனியில் முத்து முத்தாக நிற்கும். எழிலனுக்கு மட்டும் எங்குமே ஈரம் இல்லை. அக்குளிலும் இல்லை, கழுத்து மடிப்பிலும் இல்லை. முகம் மட்டும் சிவந்து காய்ந்து கிடக்கும். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். அந்த அம்மா பிள்ளையை விளக்குக்குக் கீழே பிடித்து, ஈறைத் தடவி, உள்ளங்கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். செம்பியன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போன நேரத்தில் ஜான்சியைப் பார்த்து, "நீங்க வாயைத் திறங்க" என்றார்.

ஜான்சிக்குக் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் பிறவியிலேயே கிடையாது. ஒரு பல் ஆணி மாதிரி கூராக இருக்கும். அதற்காகவே சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துப் பழகியிருந்தாள்.

"உங்க பையனுக்கு வேர்வைச் சுரப்பியே இல்லம்மா. நமக்கெல்லாம் உடம்புச் சூடு வேர்வையில எறங்கிடும். இவனுக்கு எறங்க வழியில்ல. காய்ச்சல்னு நீங்க நெனச்சது காய்ச்சல் இல்ல, வெளிய இருக்கிற சூடு உள்ள ஏறுறது. தொத்து நோய் கெடையாது. புத்தி நல்லா இருக்கும். பெரியவனாவான். ஆனா சூட்டுல விட்டீங்கன்னா ஆபத்து. எப்பவும் காத்து, ஈரத்துணி, முடிஞ்சா ஏசி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது அம்மா வழியா வர்றது. உங்களுக்கு லேசா இருந்திருக்கு. ஆம்பளப் புள்ளைக்கு முழுசா வந்துடுச்சி. அடுத்த கொழந்தைக்கும் வரலாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லிக்கிறங்க" என்றாள் ஜான்சி.

வேர்வை இல்லை என்பதைச் செம்பியனிடம் சொன்னாள். அம்மா வழி என்பதை மட்டும் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். மாமியார் இருசம்மாள் ஊரிலிருந்து வந்து, பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கெடையாதே" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அதோடு ஜான்சியின் நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்போது அவர்கள் வேறொரு வீட்டில் இருந்தார்கள். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பிள்ளையின் நோயைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாள் அந்தப் பெண் தன் பிள்ளையை எழிலனிடமிருந்து இழுத்துக்கொண்டு போனதையும், குழாயடியில் நாலு பேர் பேச்சை நிறுத்தியதையும் பார்த்தாள். கூரான இரண்டு பல் முளைத்ததும் யாரோ ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பேரை ஜான்சி ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வீட்டை மாற்றிக்கொண்டு சிற்சபேசன் வீட்டுக்கு வந்தபோது ஒரே முடிவோடு வந்தாள்: இங்கே யாருக்கும் தெரியக் கூடாது. எழிலன் வெளியே வருவது சாயங்காலம் மட்டும், தலையில் குல்லாயோடு.

வீட்டுக்குள் இரண்டு விசிறிகள் பகலிலும் நிற்காது. தரையில் ஒரு மேஜை விசிறி. தண்ணீர்த் தொட்டி வைத்த கூலர் ஒன்று. ஈரப் பனியன்களை மடித்து வைக்கவும் ஐஸ் போடவும் ஃபிரிட்ஜ். மாடித் தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும் என்பதால் அடிக்கடி மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுவாள். ஊர் முழுவதும் தினமும் இரண்டு மணி நேரம் கரண்டு நிறுத்த ஆரம்பித்திருந்த காலம் அது. சொல்லி நிறுத்துவதற்கு அவள் தயாராக இருப்பாள். பனியனை நனைத்து மாட்டி, பிள்ளையைக் குளியலறைத் தொட்டியில் உட்கார வைத்து, கதை சொல்லி ஓட்டிவிடுவாள். சொல்லாமல் நிற்பதுதான் அவளுக்கு எமன்.

இரண்டாயிரத்துப் பத்தில், கோடைக்கு முன்னாலேயே, செம்பியன் எங்கிருந்தோ ஒரு பழைய ஏசியை வாங்கிவந்து அறையில் மாட்டினான். பெரிய ஏசி. அது ஓட ஆரம்பிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் சந்தில் எல்லா வீட்டு விளக்கும் ஒருமுறை கண் சிமிட்டும். மத்தியான நேரத்தில் மற்றவர்கள் வீட்டு விசிறிகள் நகரவே யோசிக்கும்.

இரண்டாவது வீட்டில் கண்ணாயிரம் இருந்தார். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்ப்பவர். வயசுக்கு வந்த இரண்டு பெண்கள். அவர் வீட்டில் டிவி காலையில் போட்டால் படுக்கும்போதுதான் நிற்கும்.

"ஒருத்தர் வூட்டுல ஜில்லுனு படுக்கணும்னு தெருவே வேகணுமா? பவுசு பண்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?" என்று அவர் வாசலில் நின்று, யாரிடமும் சொல்லாத மாதிரி, ஜான்சியின் சன்னலைப் பார்த்துச் சொல்வார். ஜான்சி சன்னலைச் சாத்துவாள். சாத்துவது திமிரில் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

நாலாவது வீடு கார்த்யாயினியுடையது. அவள் கணவர் தில்லைநாதன் கீழவீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டு மீட்டர் நகர்கிறதா என்று சிற்சபேசனுக்கே சந்தேகம் வரும். மாலையில் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். மிக்ஸி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, சட்னி அரைப்பது அம்மியில். பகலில் மெயின் சுவிட்சையே இறக்கி வைத்துவிடுவாள். மகா கஞ்சம் என்று சந்தில் பேர். ஜான்சியும் அப்படித்தான் நினைத்தாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நிற்காமல் ஓடுகிற வீடு, அந்தப் பக்கம் இருண்ட வீடு. இரண்டு பெண்களும் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி.

அந்த வருஷம் கத்திரி வெயிலில் ஒருநாள், செம்பியன் கல்லூரி ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சந்து முனையில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. ஏசி நின்றது. விசிறி நின்றது.

ஜான்சி எட்டிப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். நல்லவேளையாக லைன்மேன் சீக்கிரமே வந்தார். போட்டார். போட்ட மாத்திரத்தில் மறுபடியும் பட்டென்று போனது.

"யார் வூட்லயோ பெரிய லோடு ஓடுது. அத்த நிறுத்துங்க. இல்லன்னா எத்தன தடவ போட்டாலும் நிக்காது" என்றார் லைன்மேன்.

எல்லோரும் மூன்றாவது வீட்டைப் பார்த்தார்கள். கண்ணாயிரம் வந்து கதவைத் தட்டினார். பின்னால் சிற்சபேசன், லைன்மேன், இன்னும் சிலர்.

"நிறுத்திட்டங்க" என்று ஜான்சி உள்ளேயிருந்தே சொன்னாள். பொய்யில்லை. இரண்டாவது தடவை போனதுமே ஏசி சுவிட்சை அணைத்திருந்தாள்.

"கதவத் தெறம்மா. நாங்க பாக்கணும்."

"அதான் நிறுத்திட்டன்னு சொல்றன் இல்ல?"

"போன தடவயும் நிறுத்திட்டன்னுதான் சொன்ன. கொஞ்ச நேரத்துல டொக்குன்னு சத்தம் கேட்டுது. நீ தெற, அத்த சுத்தமா கழட்டிப் போட்டாதான் இங்க கரண்டு."

ஜான்சி திரும்பிப் பார்த்தாள். கூடத்து நடுவில், பிளாஸ்டிக் தொட்டியில், ஈரப் பனியனோடு எழிலன் உட்கார்ந்திருந்தான். குல்லாய் இல்லை. அரைகுறை முடி, காய்ந்த தோல், புருவமில்லாத நெற்றி. கதவைத் திறந்தால் இத்தனை பேரும் பார்ப்பார்கள். கண்ணாயிரத்தின் பெண்கள் பார்ப்பார்கள். நாளைக்கு அந்தப் பேர் இந்தச் சந்துக்கும் வந்துவிடும். அவள் தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திறக்கவில்லை.

"பாத்தீங்களா சார், எவ்ளோ நெஞ்சழுத்தம்!" என்றது கண்ணாயிரத்தின் குரல்.

லைன்மேனுக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. "நீங்க பேசி முடிச்சிட்டு போன் பண்ணுங்க. எனக்கு நாலு எடத்துல வேல கெடக்குது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கலையும் சத்தம் கேட்டது. ஜான்சி குழாயைத் திறந்தாள். கொஞ்சம் வந்தது, பிறகு காற்றுதான் வந்தது. காலையில் மோட்டார் போட மறந்திருந்தாள். மேலே தொட்டி காலி. இனி ஏற்ற கரண்டு இல்லை. எழிலன் உட்கார்ந்திருந்த தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பாகியிருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த ஐஸை உடைத்துப் போட்டாள். விசிறிமட்டையால் கை வலிக்க வீசினாள். தகரம் போலச் சூடேறிய தளத்தின் வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எழிலன் முதலில் சிணுங்கினான், பிறகு சிணுங்குவதை நிறுத்தினான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கன்னம் செங்கல் நிறமாக மாறி, கண் ஓரத்தில் சொருகத் தொடங்கியது.

"எழிலா, அம்மாவப் பாரு. இங்க பாருடா."

அவன் பார்க்கவில்லை.

ஜான்சி ஒரு சேலையை நனைத்து அவனைச் சுற்றினாள். தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து ஓடினாள். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. காலில் செருப்பு இல்லை என்பதே தார்ச்சாலையில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி தூரம். எங்கே போவது? சாலை முனையில் பணம் எடுக்கும் ஏடிஎம் அறை இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே எப்போதும் ஏசி. அந்தப் பக்கம் வேறு லைன். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தினாள். குளிர் முகத்தில் அடித்தது.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் பக்கிரி எழுந்து வந்தார். "ஏம்மா, இன்னாம்மா இது? கார்டு வச்சிருக்கியா? இங்கெல்லாம் வந்து உக்காரக் கூடாது. கேமரா இருக்குது. எனக்குத்தான் திட்டு வுழும், எழுந்திரு."

"ஐயா, கொஞ்ச நேரம். புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. கொஞ்ச நேரங்கய்யா."

"அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும். இங்க வந்தா?"

அவர் சொல்வதும் நியாயம்தான். அந்த நேரத்தில் கதவு மறுபடியும் திறந்தது. கார்த்யாயினி. ஒரு கையில் தண்ணீர்க் குடம், இன்னொரு கையில் ஜான்சியின் செருப்பு. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"நம்ம வீட்டுப் பானைத் தண்ணி ஜான்சி. ஜில்லுனு இருக்கு. ஊத்து" என்றாள். பிறகு காவல்காரரிடம் திரும்பி, "ஐயா, யார் கேட்டாலும் என் பேரச் சொல்லுங்க. தரைய நானே தொடச்சிட்டுப் போறேன். நீங்க ஒரு ஆட்டோ மட்டும் பிடிச்சிக் குடுத்தா போதும்" என்றாள். பக்கிரி இரண்டு பேரையும் பார்த்தார். குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ஆட்டோ பிடிக்கச் சாலைக்கு இறங்கினார்.

பானைத் தண்ணீரைத் தலையிலும் மார்பிலும் ஊற்ற ஊற்ற எழிலனின் கண் நேரானது. "அம்மா, குளுருது" என்றான். ஜான்சி அங்கேயே, அந்த ஈரத் தரையில், குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஊசிவழி நீர் ஏறிக்கொண்டிருந்தபோது ஜான்சி கார்த்யாயினியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேர்வை இல்லாததை, ஏசியை, பேர் வைத்துக் கூப்பிட்டதை. கடைசியில், யாரிடமும் சொல்லாத அந்த ஒன்றையும் சொன்னாள். "என்னாலதாங்க்கா இவனுக்கு வந்துது. என் ரத்தத்துலதான் இருக்குது. அவருக்கே நான் இன்னும் சொல்லல."

கார்த்யாயினி எழிலனின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா" என்றாள். "திருவதிகையில இருந்தோம் அப்ப. பள்ளிக்கூடம் போறதுக்கு வெந்நீர் வேணும்னு சொன்னா. பக்கெட்டுல கரண்டு ராடைப் போட்டுட்டு நான் கடைக்குப் போயிட்டேன். சூடாயிடுச்சான்னு கைய விட்டுப் பாத்திருக்கா. அதுலேருந்து எனக்கு சுவிட்சுல கை வைக்கவே பயம் ஜான்சி. சந்துல என்ன கஞ்சம்னு சொல்றது எனக்கும் தெரியும். சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். இன்னிக்கு நீ தூக்கிட்டு ஓடுனப்ப புள்ளையோட கை தொங்கிச்சி பாரு, அத்தப் பாத்துட்டுத்தான் எனக்குக் கால் நிக்கல."

சாயங்காலம் வீடு திரும்பியபோது சந்தில் கரண்டு இன்னும் வரவில்லை. எல்லோரும் வாசலில்தான் இருந்தார்கள். ஜான்சி குல்லாய் இல்லாத எழிலனை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கண்ணாயிரத்தின் முன்னால் போய் நின்றாள். "என் புள்ளைக்கு வேர்க்காதுங்க. சூடு பட்டா உசுருக்கு ஆபத்து. அதுக்குத்தான் ஏசி. பவுசுக்கு இல்ல. தொத்து நோயும் இல்ல. இப்ப வேணும்னா உள்ள வந்து பாத்துக்கோங்க" என்றாள்.

கண்ணாயிரம் பிள்ளையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். அவருடைய சின்னப் பெண் மட்டும் வந்து எழிலனின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சிற்சபேசன் லைன்மேனுக்குப் போன் செய்தார். அவர் வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினார். நான்கு வீட்டுக்கும் ஒரே கம்பியிலிருந்துதான் கரண்டு வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வீட்டை மட்டும் பிரித்து, சுமை குறைவாக இருந்த வேறொரு கம்பியில் மாற்றிக் கொடுத்தார். "இதுக்கா இவ்ளோ கலாட்டா? மத்தியானமே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பனே" என்றார். அன்றிலிருந்து யார் வீட்டு விளக்கும் கண் சிமிட்டவில்லை. லைன்மேன் சொன்னதைக் கேட்டபோது ஜான்சிக்கு நிம்மதியைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றோமே என்று நினைத்தாள்.

செம்பியன் திரும்பி வந்ததும் அவனிடமும் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டான். "இவ்ளோ நாளா மனசுல வச்சிக்கிட்டா இருந்த?" என்றான்.

"கோவமா மாமா?"

"கோவம்தான்" என்றான். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் ஊருக்குப் போய் வந்தான். அங்கே இருசம்மாளிடம், எழிலன் ஒருத்தனே போதும், இன்னொரு பிள்ளை வேண்டாம் என்பது தன் முடிவு, அதைப் பற்றி ஜான்சியிடம் யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். காரணத்தை அம்மாவிடம் சொன்னானா என்று ஜான்சி கேட்கவில்லை. மாமியார் அதன்பின் வம்சத்தைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த வருஷம் செம்பியனுக்குக் கடலூரில் வேலை கிடைத்தது. கார்த்யாயினியைப் பிரிவதுதான் ஜான்சிக்குக் கஷ்டமாக இருந்தது. கடலூர் முதுநகர் பக்கம், கடல் காற்று வருகிற இடமாகப் பார்த்து வீடு பிடித்தார்கள். பின்னால் இரண்டு பலா, ஒரு பெரிய வேம்பு. கூரைமேல் மத்தியானம் வரை நிழல் விழும். சாமான்களை இறக்கிய அன்றே ஜான்சி எழிலனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய், "எங்க வூட்டுல கரண்டு கொஞ்சம் ஜாஸ்தி ஓடும்ங்க. இன்னா காரணம்னா..." என்று தானே சொன்னாள். ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் என்ற மீன் விற்கும் அம்மா, "எங்க கெணறு பக்கத்துலதான் இருக்குது. எப்ப வேணும்னாலும் எறைச்சிக்கோ" என்றார். எழிலனைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்து, அதே பள்ளியில் ஜான்சி ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' என்ற புயல் வந்தது. விடிந்து பார்த்தபோது பலாவும் இல்லை, வேம்பும் இல்லை. மின்கம்பங்கள் சாலை நெடுகப் படுத்துக் கிடந்தன. நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில், எந்த வீட்டிலும் கரண்டு இல்லை. மார்கழிக் குளிர் என்பதால் எழிலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருப் பிள்ளைகளோடு விழுந்த மரங்கள்மேல் ஏறி விளையாடினான். எல்லோரும் தண்ணீருக்கும் மெழுகுவர்த்திக்கும் அலைந்தபோது, ஜான்சி மட்டும் வெட்டவெளியாகிவிட்ட கூரையைப் பார்த்துச் சித்திரை மாதத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

தைக்குப் பிறகு கரண்டு வந்தது. வந்தும் பாதி நேரம் இல்லை. அந்த வருஷம் ஊரில் எத்தனை மணி நேரம் நிறுத்துவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. செம்பியன் ஒரு பேட்டரி வாங்கி விசிறிக்கு மட்டும் இணைத்தான். விழுந்த தென்னைகளின் மட்டைகள் மலைபோல் கிடந்தன. ஆரோக்கியம்மாள் அவற்றை ஊறவைத்துக் கீற்று முடைந்து கொடுக்க, செம்பியன் மாடியில் கம்பு நட்டுப் பந்தல் போட்டான். ஜான்சி கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பங்குனியில் முதல் பெரிய வெயில் அடித்த நாள். பள்ளி விட்டு வந்தபோது கரண்டு இல்லை. ஜான்சி கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மற்ற வீட்டுச் சுவர்கள் போலக் கொதிக்கவில்லை.

"இந்த வருஷத்தத் தாண்டிடலாம் ஜான்சி" என்றான் செம்பியன்.

எழிலன் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய், தானே பனியனைத் தண்ணீரில் முக்கி, பிழியாமல் சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். "நான் வெளாடப் போறேம்மா" என்றான்.

"வெயில் எறங்கட்டும்" என்றாள்.

அவன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, நிழல் தெருவின் பாதிக்கு வருகிறவரை அவன் நெற்றியைத் தொடாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.